தயங்காதீர்கள்! தாமதிக்காதீர்கள்!

ரேடியோ (மைக்கில்): …ஆகவே, அன்பார்ந்த பொதுமக்களே! தயங்காதீர்கள்! தாமதிக்காதீர்கள்! இதோ, பள்ளிக்கூட வளாகத்திலே, தடுப்பூசி முகாம்! வதந்திகளை நம்பாதீர்கள்! நானும் போட்டுக்கொண்டேன், நலமாக இருக்கிறேன்! நீங்களும்—

மனைவி: அணைங்க அதை.

ரேடியோ: ஏய்… ஏய், தள்ளு! மைக்ல விழுதுடி!

மனைவி: விழட்டும். ஊருக்கே ரேடியோவா இருக்கிற ஆளோட பொண்டாட்டிக்கும் வாய் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.

டிரைவர்: நான் அணைச்சுட்டேன்க்கா. உன் தலை வண்டிக்குள்ள வந்ததுமே அணைச்சுட்டேன். முகத்தைப் பாத்தா அணைக்கிற மாதிரிதான் இருந்துச்சு.

மனைவி: உன்னைக் கேட்டேனா? கூடப் பொறந்தவன்தான்னு பேரு, நாள் பூரா அத்தானுக்கு வண்டி ஓட்டி ஓட்டி அவருக்கே தம்பியாயிட்ட.

ரேடியோ: இந்த உச்சி வெயில்ல முகாமுக்கு எதுக்கு வந்த? ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுதானே சொன்ன?

மனைவி: அங்கேர்ந்துதான் வரேன். அப்பாவை இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பறாங்க.

டிரைவர்: அக்கா! இதை முதல்ல சொல்லக் கூடாதா? அப்பாடா… வயித்துல பாலை வார்த்த.

ரேடியோ: நான்தான் சொன்னேன்ல, மாமா கெட்டி உடம்புன்னு. எல்லாரும் அழுதீங்க.

மனைவி: கெட்டி உடம்பு! கட்டில்லேர்ந்து கழிவறைக்குப் போறதுக்குள்ள மூணு எடத்துல நின்னு மூச்சு வாங்கறாரு. ஆக்ஸிஜன் சிலிண்டரும் அவரோட வீட்டுக்கு வருது. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "இன்னொரு தடவை தொத்திக்கிச்சுன்னா இந்த நுரையீரல் தாங்காதும்மா. வீட்டுல அத்தனை பேரும் ஊசி போட்டாச்சா?"ன்னு கேட்டாரு.

ரேடியோ: ஆச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே.

மனைவி: ஆச்சுன்னுதான் சொன்னேன்.

ரேடியோ: அப்புறம் என்ன? போய் அறையைக் கழுவி விடு, ஜன்னலைத் திறந்து வை. எனக்கு வேலை கிடக்கு. அடுத்த தெரு இன்னும் முடியல.

மனைவி: அப்புறம் என்னவா? முகாம் வாசல்ல நர்ஸம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்க வீட்டுக்காரர் நல்லாக் கூப்பிடறாரும்மா, ஊரே வருது. அவர் மட்டும் உள்ள வரமாட்டேங்கறாரே, எப்ப வருவாரு?"ன்னு சிரிக்கறாங்க. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல.

ரேடியோ: அவங்களுக்கு என்ன தெரியும்? நான் இங்கயா போட்டேன்? தண்ணித் தொட்டிகிட்ட ஒரு முகாம் நடந்துச்சே… அங்க போட்டேன். டேய், நீ கூட இருந்தியே, சொல்லு.

டிரைவர்: நான்… வண்டியில இருந்தேன்.

மனைவி: இவன் வண்டியில இருந்தான். நீங்க எங்க இருந்தீங்க?

ரேடியோ: உள்ள.

மனைவி: எந்தக் கையில போட்டாங்க?

ரேடியோ: இதென்ன கேள்வி? எல்லாருக்கும் போடற கையிலதான். இடது கையில.

மனைவி: இடது கையிலயா?

ரேடியோ: ஆமா, இடது.

மனைவி: அன்னிக்கு வலது கையைத் தூக்க முடியலன்னு சொன்னீங்க. நான் உக்காந்து ஊட்டி விட்டேன், பச்சைப் புள்ளைக்கு ஊட்டற மாதிரி. "இன்னும் கொஞ்சம் குழைய வேக வெச்சிருக்கலாம்"னு குத்தம் வேற சொன்னீங்க.

டிரைவர்: அத்தான், தண்ணி குடிக்கிறீங்களா?

ரேடியோ: வாயை மூடுடா. ஏம்மா, வலி இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்குப் பரவாதா? நரம்புன்னு ஒண்ணு இருக்குல்ல?

மனைவி: ஓகோ. நரம்பு. டாக்டரே சொல்லிட்டாரு, கேட்டுக்கடா.

ரேடியோ: என்னைக் குறுக்கு விசாரணை பண்ற நேரத்துல உங்கப்பாவைப் பண்ணியிருக்கலாம். இந்த வரிசையைப் பாரு. கேட் தாண்டி மருந்துக் கடை வரைக்கும் நிக்குது. யாரால? இந்தக் குரலால! தள்ளாத வயசுக்காரங்க கூட வந்து, "உன் பேச்சைக் கேட்டுத்தான் வந்தோம்ப்பா"ங்கறாங்க. ஆனா எனக்குன்னு வாய்ச்ச மாமனார்… ஒரே வீடு, ஒரே கூரை… டோக்கனைக் கையில வாங்கி வெச்சுக்கிட்டு, காலையில "நான் வரல"ன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டாரு. அந்தப் பிடிவாதத்துக்குத்தான் ஆஸ்பத்திரியில கிடந்தாரு.

மனைவி: அவர் பேச்சை எடுக்காதீங்க.

ரேடியோ: ஏன் எடுக்கக் கூடாது? ஒரு காரணம் சொன்னாரா? இன்னி வரைக்கும் வாயைத் திறந்தாரா? ஊர்ல இருக்கறவன் என்கிட்டயே கேக்கறான், "என்ன ரேடியோ, உன் மாமனாருக்கு மட்டும் அலைவரிசை எடுக்கலையா?"ன்னு. எனக்கு எப்படி இருக்கும்?

மனைவி: விடுங்கன்னா விடுங்க.

ரேடியோ: சொல்ல மாட்ட. அப்பனும் மகளும் ஒண்ணு.

டிரைவர்: அத்தான், போன். சூப்பர்வைசர்.

ரேடியோ: ஐயா… ஆமாங்கய்யா… இல்லங்கய்யா, மைக் நல்லாத்தான் இருக்கு… பேட்டரி மாத்தினோம்… இதோ, இதோ ஆரம்பிச்சுட்டேன்யா… பாத்தியா, சத்தம் நின்னு கொஞ்ச நேரம்கூட ஆகல, அங்க கேட்டுருச்சு. எறங்கு, நான் பேசணும்.

மனைவி: பேசுங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன். என் முகத்தைப் பாத்துக்கிட்டே பேசுங்க.

ரேடியோ: உன் முகத்தை எதுக்கு?

மனைவி: ஊர் முகத்தைப் பாத்துப் பேசறீங்கல்ல, பொண்டாட்டி முகத்தைப் பாத்துப் பேசினா வாய் கோணிக்குமா? போடுடா மைக்கை.

டிரைவர்: போட்டாச்சு.

ரேடியோ (மைக்கில்): அன்பார்ந்த பொதுமக்களே! தயங்காதீர்கள்! தாமதிக்காதீர்கள்! பள்ளிக்கூட வளாகத்திலே தடுப்பூசி முகாம்! வதந்திகளை… வதந்திகளை நம்பாதீர்கள்! …முகக்கவசம் அணிந்து வாருங்கள்! இடைவெளி விட்டு நில்லுங்கள்! நன்றி… வணக்கம்!

டிரைவர்: அணைச்சாச்சு. அத்தான்… ஒரு வரி விட்டுட்டீங்க.

ரேடியோ: எனக்குத் தெரியும்.

மனைவி: எந்த வரிடா?

டிரைவர்: "நானும் போட்டுக்கொண்டேன், நலமாக இருக்கிறேன்."

மனைவி: இத்தனை நாளா தூக்கத்துல கூடச் சொன்ன வரி. அது எங்க போச்சாம்?

ரேடியோ: தொண்டை கட்டுது.

மனைவி: தொண்டையா கட்டுது! தூ… நீங்கள்லாம் ஒரு ஆம்பளை. ஊரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உள்ள தள்ளிட்டு, நீங்க மட்டும் வண்டியில சொகுசா உக்காந்திருக்கீங்க.

ரேடியோ: சத்தம் போடாத. வரிசையில நிக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க.

மனைவி: பாக்கட்டும்! போட்டீங்களா, இல்லையா? ஒரு வார்த்தை.

ரேடியோ: …இல்ல.

மனைவி: கேக்கல. ஊருக்குச் சொல்றப்ப கணீர்னு வருது, எனக்குச் சொல்றப்ப மட்டும் எறும்பு பேசற மாதிரி…

ரேடியோ: இல்லடி! போடல! போதுமா?

டிரைவர்: அப்பாடா… இப்பதான் எனக்கு மூச்சே வருது. எத்தனை நாளா இதை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு—

மனைவி: உனக்குத் தெரியுமா?

டிரைவர்: …தெரியும்க்கா. தண்ணித் தொட்டி முகாம்ல அத்தான் உள்ளயே போகல. பின்னாடி மரத்தடியில உக்காந்து பன் சாப்பிட்டுட்டு வந்தாரு. எனக்கும் ஒண்ணு வாங்கித் தந்தாரு.

மனைவி: ஒரு பன்னுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்த!

டிரைவர்: கிரீம் பன்க்கா.

மனைவி: உன்னை… வீட்டுக்கு வா, பேசிக்கறேன். நீயாவது போட்டியா, இல்ல அதுவும் பன்தானா?

டிரைவர்: நான் ரெண்டும் போட்டாச்சுக்கா. சத்தியமா. நர்ஸம்மாவைக் கேளு. போட்டுட்டு வந்து வண்டி ஓட்டினேன், ராத்திரி லேசா உடம்பு வலிச்சுது, தூங்கினேன், சரியாப் போச்சு.

மனைவி: இந்த நோஞ்சானே ரெண்டு போட்டிருக்கான். உங்களுக்கு என்ன கேடு?

ரேடியோ: உனக்குப் புரியாது.

மனைவி: புரியற மாதிரி சொல்லுங்க. தமிழ்தானே உங்க பொழப்பு.

ரேடியோ: அந்த இன்னொரு வண்டியில பேசுவாரே, பெரியவர்… வெண்கலக் குரல்… அவருக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல? ஊசி போட்டாரு. அப்புறம் குரலே இல்ல. வாயைத் திறந்தா காத்துதான் வருது. இப்ப வீட்டுல கையைத் தட்டித்தான் காபி கேக்கறாராம்.

டிரைவர்: அத்தான், அவருக்கு ஊசியால போகல. நோய் வந்துச்சு, தொண்டையில குழாய் விட்டாங்க, அதுல போச்சு. ஊசி போட்டுக்கறதுக்குள்ளயே நோய் வந்துருச்சுன்னு அவர் மகன்தான் சொன்னான். நான் உங்ககிட்ட வந்து சொன்னேன், நீங்கதான் காதுல வாங்கல.

ரேடியோ: மகன் ஒண்ணு சொல்றான், டீக்கடையில ஒண்ணு சொல்றாங்க. யாரை நம்பறது?

மனைவி: டீக்கடையை! சந்தேகமே வேண்டாம். "வதந்திகளை நம்பாதீர்கள்"னு தொண்டை கிழியக் கத்திட்டு, எறங்கி டீக்கடைக்குப் போய் வதந்தியும் ஒரு டீயும் சொல்றது.

ரேடியோ: சிரி. நல்லா சிரி. எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு? படிப்பு இருக்கா? கைத்தொழில் இருக்கா? இந்தக் குரல் ஒண்ணுதான். இது போச்சுன்னா என்னை எவன் ரேடியோன்னு கூப்பிடுவான்? எனக்குப் பயமா இருந்துச்சுடி. அவ்வளவுதான். வரிசை வரைக்கும் போனேன், கால் நடுங்கிச்சு.

மனைவி: பயமா இருந்தா என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நானும் கூட வந்து நின்னிருப்பேன்ல? அதை விட்டுட்டு ஊருக்கும் பொய், வீட்டுக்கும் பொய்… இருங்க. இருங்க… அந்தக் காய்ச்சல்?

ரேடியோ: எந்தக் காய்ச்சல்?

மனைவி: ஊசி போட்டுட்டு வந்தேன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் கிடந்தீங்களே, அந்தக் காய்ச்சல்.

டிரைவர்: நான் டயருக்குக் காத்து இருக்கான்னு பாத்துட்டு வரேன்.

மனைவி: உக்காரு!

டிரைவர்: உக்காந்துட்டேன்.

ரேடியோ: அது உன்னாலதான்!

மனைவி: என்னாலயா?

ரேடியோ: நான் பேசாமத்தான் வந்து உக்காந்தேன். நீதான், "என்னங்க, எல்லாரும் உடம்பு வலிக்குது, காய்ச்சல்ங்கறாங்க, உங்களுக்கு ஒண்ணுமே ஆகல? நிஜமாவே போட்டீங்களா?"ன்னு என்னையே சுத்திச் சுத்தி வந்த. நான் என்ன பண்ணட்டும்? லேசா ஒரு முனகல் விட்டேன். நீ பதறிப் போய் போர்வையைக் கொண்டு வந்த. அப்புறம்… நிறுத்த முடியல.

மனைவி: அந்த முனகல்… நடிப்பா?

ரேடியோ: தைல விளம்பரத்துக்கு ஒரு தடவை பேசினேன்ல… மூட்டு வலிக் கிழவர். அதுதான். கொஞ்சம் வயசைக் குறைச்சுப் பண்ணினேன்.

மனைவி: உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சே?

ரேடியோ: அது கஷ்டமாத்தான் இருந்துச்சு. இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

மனைவி: தெர்மாமீட்டர்ல பாத்தேனே! என் கண்ணால பாத்தேன்!

ரேடியோ: நீ துணி நனைக்கப் போனப்ப டீ டம்ளர்ல முக்கி எடுத்தேன்.

மனைவி: "பசங்களைப் பாத்துக்கோ"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணீர் விட்டீங்களே?

ரேடியோ: …அது கொஞ்சம் அதிகப்படி. ஒத்துக்கறேன்.

டிரைவர்: அதைப் பாத்துட்டு நானே அழுதேன்க்கா. விஷயம் தெரிஞ்சும் அழுதேன். அவ்வளவு தத்ரூபம்.

ரேடியோ: பாத்தியா, பாத்தியா, தெரிஞ்சவனே அழுதிருக்கான்… ஏய், என்ன? திட்டணும்னா திட்டு. இப்படிப் பாக்காத.

மனைவி: ரெண்டு நாள்… ரெண்டு நாள் பூரா…

ரேடியோ: அடிக்கக் கூட செய். இந்தா, வலது கையோ இடது கையோ, உனக்கு எது வசதி?

மனைவி: வாயை மூடுங்க.

ரேடியோ: சரி, மூடிட்டேன்… டேய், நீயாவது ஏதாவது சொல்லுடா.

டிரைவர்: நான் என்ன சொல்ல? நடந்தது நடந்துபோச்சு. அக்கா, அத்தான் இப்பவே போய்ப் போட்டுக்கட்டும். ஆனா போட்ட உடனே பலன் வந்துராதாம். சில வாரம் ஆகுமாம், நர்ஸம்மாதான் சொன்னாங்க. அதுவரைக்கும் அப்பா பக்கத்துல போகாம வண்டியிலயே படுத்துக்கட்டும். அப்பாவை நீ பாத்துக்க.

ரேடியோ: வண்டியிலயா? கொசு தூக்கிட்டுப் போயிரும்டா.

டிரைவர்: கொசுகிட்ட ஒரு முனகல் விடுங்க, பாவம் பாத்து விட்டுரும்.

ரேடியோ: இவனுக்கு வாய் நீண்டுருச்சு. சரி… சரி, ஆனது ஆகட்டும். போறேன். குரல் போனா போகட்டும். மாமாவுக்கு ஒண்ணுன்னா அந்தப் பழியை நான் எங்க கொண்டு போய்த் தீர்க்க? சட்டைக் கையை இப்பவே மடிச்சுக்கறேன். வா, நீயும் கூட வா. நீ பக்கத்துல நின்னா கால் நடுங்காது.

மனைவி: நீங்க முன்னாடி போங்க.

ரேடியோ: வான்னா! உனக்கும்தான் ரெண்டாவது ஊசிக்கு நாளாச்சே? தையல் கம்பெனியில முதல் ஊசி போட்டு எத்தனை நாளாச்சு. ஒரே நடையா முடிச்சுக்கலாம். உனக்கென்ன, கல்லு மாதிரி உடம்பு. போட்டுட்டு வந்து ஒரு தலைவலின்னு கூடச் சொல்லல நீ.

மனைவி: எதுக்குத் தலை வலிக்கணும்?

ரேடியோ: என்ன?

மனைவி: போட்டாத்தானே வலிக்கும்.

டிரைவர்: அக்கா?

ரேடியோ: என்னடி சொல்ற? கம்பெனியில எல்லாரோடயும் போட்டேன்னியே!

மனைவி: வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி இருந்தவளுக்குப் போட்டுட்டாங்க. அடுத்தது நான்தான். கையை மடிச்சு விடறேன்… உங்க முனகல் காதுல கேக்குது. இவ்வளவு பெரிய உடம்பையே ஊசி இந்தப் பாடு படுத்தியிருக்கே, நானும் விழுந்துட்டா புள்ளைங்களுக்கு யாரு, அப்பாவுக்கு யாருன்னு… கழிவறைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ரேடியோ: அடிப்பாவி… அப்ப இத்தனை நேரம் என்னைக் கேள்வி கேட்டது?

மனைவி: நீங்களாவது போட்டிருக்கீங்கன்னு நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். கஷ்டப்பட்டுப் போட்டுக்கிட்டீங்க, அப்பாவைத் தொட்டுத் தூக்க, மருந்து கொடுக்க உங்களை விட்டுட்டு, நான் யாருக்கும் தெரியாமப் போட்டுக்கிட்டுத் தள்ளி இருந்துக்கலாம்னு நெனைச்சேன். நர்ஸம்மா சிரிச்ச உடனே நேரா இங்க ஓடி வந்தேன்.

டிரைவர்: ரெண்டு பேரும் போடல… டாக்டர்கிட்ட எல்லாருக்கும் ஆச்சுன்னு சொல்லிட்டு… அக்கா, சாயங்காலம் அப்பா வராரு! இப்ப அவர் பக்கத்துல போக நான் ஒருத்தன்தான் இருக்கேனா?

மனைவி: நீ ஒருத்தன்தான்டா. நீதான் பாத்துக்கணும். குளிப்பாட்டறது, ஊட்டறது எல்லாம் நீதான். நான் கதவுக்கு வெளியே நின்னு சொல்றேன், நீ செய்.

ரேடியோ: நான் ஒரு பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். அதுக்காக எல்லாத்தையும் என் தலையில கட்டாத. நீ என் முனகலைக் கேட்டுப் பயந்த, சரி. உங்கப்பாவும் அதைக் கேட்டா ஊசி வேண்டாம்னாரு? அவருக்குத்தான் சரியாக் காதே கேக்காதே!

மனைவி: காது கேக்காதுங்க. கண்ணு நல்லாத் தெரியும். ரெண்டு நாளும் கதவுகிட்ட நாற்காலியைப் போட்டு உங்களையேதான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. மறுநாள் காலையில டோக்கனை என் கையில கொடுத்தாரு. "இவ்வளவு வாட்டசாட்டமான புள்ளைக்கே இந்தக் கதின்னா நான் தாங்க மாட்டேம்மா. மாப்பிள்ளைகிட்ட மட்டும் காரணத்தைச் சொல்லிராத, ஊருக்கு எடுத்துச் சொல்ற பொழப்பு, மனசு விட்டுருவாரு"ன்னாரு. அதனாலதான் சொல்லல. ஆஸ்பத்திரியில மூச்சு விட முடியாமக் கிடந்தப்பக்கூட, மாஸ்க்கை நகத்திட்டு என்னைக் கேட்டாரு, "மாப்பிள்ளைக்கு அந்தக் காய்ச்சல் அப்புறம் வரலையே?"ன்னு… எழுந்திருங்க. ரெண்டு பேருமே போய் வரிசையில நிப்போம். நீங்க முன்னாடி நில்லுங்க.